தூங்க விடக்கூடாது

குழந்தையைத் தூங்க விடக்கூடாது. கிராம நர்ஸ் ராஜேஸ்வரி இதை மூன்று முறை சொல்லி, நீலாவதியைத் திருப்பிச் சொல்ல வைத்து, அப்போதும் மனசு ஆறாமல் முந்தின நாள் சாயங்காலம் போனிலும் ஒருதரம் சொல்லிவிட்டாள்.

"காலைல நாலு மணிக்கே எழுப்பிடு நீலா. பாலு அரை வயித்துக்குக் குடு. ஜீப்புல, பஸ்ஸுல கண்ண மூட வுடாத. ஆஸ்பத்திரிக்குப் போனப்பறம் வயிறு நெறையக் குடுத்துத் தூங்க வை. ஒரு மணி நேரம் அசையாமத் தூங்கினாத்தான் அந்த மிஷினு காதைப் பாக்கும். இன்னா சொல்றேன்னு புரியுதா?"

"புரியுது சிஸ்டர்."

புரியாமல் என்ன? இது மூன்றாவது தடவை. முதல் தடவை குழந்தை கவியா மலை இறங்கும்போதே தூங்கிப்போனாள். ஜீப்பின் ஆட்டமும் பஸ்ஸின் ஆட்டமும் அவளுக்குத் தூளியைவிட வாகாக இருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் கண்ணைத் திறந்தவள் சாயங்காலம் நாலு மணிவரை மூடவில்லை. நெற்றியில் ஒட்டிய ஒயர்களைத் தலையை உதறி உதறிக் கழற்றினாள். இரண்டாவது தடவை மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் பாதி வழியில் திரும்பிவிட்டது. இன்னும் பத்து நாள் போனால் குழந்தைக்கு மூன்று மாதம் முடிகிறது. காது கேட்கிறதா என்று மூணு மாசத்துக்குள் தெரிந்துகொள்ள வேண்டும், ஆறு மாசத்துக்குள் காதுக்கு மிஷின் மாட்டிவிட வேண்டும் என்று ராஜேஸ்வரி பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் சாமை பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. ஐப்பசி மாதத்துக் காற்றுக்குப் பாதி தாள் படுத்தேவிட்டது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல மழை பிடித்தால் மணி அத்தனையும் மண்ணுக்குப் போகும். வீட்டிலிருப்பது மூன்று பெண்கள். நீலாவதியின் புருஷன் இளவழகன் சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய் நாலு மாதமாகிறது. குழந்தையின் முகத்தை போனில்தான் பார்த்திருக்கிறான். அவனுடைய அக்கா மாதம்மாள் புருஷனை விட்டுத் தாய்வீட்டுக்கு வந்து பதினாலு வருஷமாகிறது. மாதம்மாளின் மகளுக்குப் பெயரே சின்னக்குழந்தை; வயது பத்தொன்பது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை.

அன்றைக்குக் கருக்கலில் சின்னக்குழந்தைதான் முதலில் எழுந்து அடுப்பை மூட்டியிருந்தாள். களியைக் கிண்டி உருண்டை பிடித்து, மொச்சைக் குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, மேலே இலையை வைத்து மூடினாள். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு மாதம்மாளைப் பார்த்துக் கொல்லையின் பக்கம் கையை நீட்டி, விரல்களை மடக்கி அறுப்பதுபோலக் காட்டினாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று அர்த்தம்.

"ஒண்டியா அவ்ளோ கொல்லையும் எப்பிடி அறுப்பா அண்ணி?" என்றாள் நீலாவதி.

"அறுப்பா. பேச்சு இல்லாத கை. நம்ம மூணு பேரு அறுக்கறத அவ ஒருத்தி அறுப்பா." மாதம்மாள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டாள். "எல்லாம் நல்ல கொழந்தைக்கு இவங்க பண்ற வேல. இருக்கற வேலைய வுட்டுட்டு மூணு மொற மலை எறங்க வேண்டிக்கீது."

ஜீப் மூட்டைகளாலும் ஆட்களாலும் நிறைந்திருந்தது. பின்பக்கம் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. வெளியே பனிமூட்டத்தில் ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வண்டி நகர்ந்து முதல் வளைவில் திரும்பியதுமே கவியாவின் கண்கள் சொருக ஆரம்பித்தன.

"கவி... கவிம்மா... இங்க பாரு. அம்மாவப் பாரு." நீலாவதி வளையலைக் குலுக்கினாள். கன்னத்தருகே நாக்கைச் சொடுக்கினாள். டிரைவர் எதிரே வந்த பைக்குக்கு நீளமாக ஹார்ன் அடித்தான். எதற்கும் குழந்தையின் இமை அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து, உதடு தானாகச் சப்பிக்கொண்டு, அது பாட்டுக்குத் தூக்கத்தில் இறங்கிப்போய்க்கொண்டிருந்தது.

"இப்பிடிக் குடு." மாதம்மாள் குழந்தையை வாங்கினாள். சுற்றியிருந்த துணியை விலக்கி இரண்டு பாதங்களையும் வெளியே எடுத்து, ஜீப்பின் திறந்த பக்கத்தில் காற்றுக்குப் பிடித்தாள். குளிர் பட்டதும் கவியா துள்ளி விழித்து அழுதாள்.

எதிரே புளிமூட்டைமேல் உட்கார்ந்திருந்த செல்லம்மா, "கொழந்தைய இன்னாத்துக்கு மாதம்மா அழ வெக்கற?" என்றாள்.

"தூங்கக்கூடாதாம். டாக்டரு சொல்லிக்கீறாங்க."

"இதென்ன வைத்தியம்! எல்லாரும் கொழந்த தூங்கலன்னுதான் டாக்டருகிட்ட போவாங்க."

ஜீப்பில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நீலாவதிக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிலைக்கவில்லை. உடம்பு முழுக்க ஈரச்சாக்கு மாதிரி கனத்தது. மூன்று மாதமாக அவளும் சரியாகத் தூங்கியதில்லை.

பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியோடு கட்டில் கட்டிலாக வந்தாள். சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் மூடியைக் குழந்தையின் காதில் சொருகினாள். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு "பாஸ்" என்றாள். கவியாவுக்கு இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு "ரெபர்" என்றாள். "பயப்படாதம்மா. ரெபர்னா திரும்பப் பாக்கணும்னுதான். பொறந்த தண்ணி காதுல நின்னாலும் இப்பிடிக் காட்டும். இப்பல்லாம் எல்லா நாட்லயும் பொறக்கற கொழந்தைக்கு இந்த டெஸ்ட்ட எடுத்துடறாங்க. ஒரு மாசத்துல திரும்பக் கூட்டினு வா, பாத்துக்கலாம்."

ஊரில் அந்தச் சொல் ஒரு காய்ச்சலின் பெயர்போல ஆகிவிட்டது. நீலாவதி கொழந்தைக்கு ரெபராம் என்று பேசிக்கொண்டார்கள். மாதம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாமைக்குக் களை எடுக்கும் நேரம் வேறு. ராஜேஸ்வரி வீட்டுக்கே வந்து கூப்பிட்டபோது, மாதம்மாள் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். கவியா கண்ணைச் சிமிட்டி முகத்தைத் திருப்பினாள். "பாத்தியா சிஸ்டரு? கேக்குது. நீ போயி ஆவற வேலையப் பாரு" என்றாள் மாதம்மாள். ராஜேஸ்வரியும் கொஞ்சம் குழம்பித்தான் போனாள். அப்படி மூன்று வாரம் போயிற்று. அப்புறம் ராஜேஸ்வரியே வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, மறுபடியும் ரெபர்.

புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு பஸ் ஏறினார்கள். ஜன்னலோர சீட் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் குழந்தையின் தலை தோளில் தொய்ந்தது. நீலாவதி பாட்டுப் பாடினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சாவிக்கொத்தைக் காதோரம் ஆட்டினாள். தொண்டை வறண்டு குரல் கம்மியது. முடியாதபோது மாதம்மாளிடம் கொடுத்தாள்.

மாதம்மாள் கீழுதட்டைக் குவித்துக் குழந்தையின் இமைமேல் மெல்ல ஊதினாள். ஈர முந்தானையால் உள்ளங்காலைத் துடைத்தாள். விரல் நகத்தால் குதிகாலைச் சுரண்டினாள். கவியா நெளிந்து, முகத்தைச் சுளித்து, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். மாதம்மாள் தலையை ஆட்டிச் சிரித்தாள். குழந்தையும் பொக்கை வாயைத் திறந்தது. திருப்பத்தூர் வருவதற்குள் நாலைந்து தடவை இப்படி நடந்தது.

நீலாவதி பார்த்துக்கொண்டே வந்தாள். மாதம்மாள் ஒரு தடவைகூடக் குழந்தையைக் கூப்பிடவில்லை. சத்தம் எதுவும் செய்யவில்லை. கவி என்றோ, கண்ணு என்றோ, ஒரு "உஸ்" கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. கண்ணும் கையும் மட்டும்தான் குழந்தையிடம் பேசின.

"அண்ணி."

"உம்."

"நீங்க ஏன் கொழந்தையக் கூப்புடவே மாட்டேன்றீங்க?"

மாதம்மாள் திரும்பவில்லை. வெளியே நிலக்கடலைக் கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன. "கூப்புடாம இன்னா. கை அப்பிடிப் பழகிடுச்சி" என்றாள். சற்றுப் பொறுத்து, "நீ கொஞ்சம் கண்ண மூடு. திருப்பத்தூர் வந்தா எழுப்பறேன்" என்றாள்.

நீலாவதி கண்ணை மூடினாள். தூக்கம் வரவில்லை.

திருப்பத்தூரிலிருந்து இன்னொரு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பத்தரை ஆகியிருந்தது. காது டெஸ்ட் எடுக்கும் இடம் பின்பக்கத்துக் கட்டடத்தில், மாடியில். வராந்தாவில் ஏழெட்டுத் தாய்மார்கள் குழந்தைகளை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் குழந்தை தூங்கியதும் எல்லோரும் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். தூங்கிய குழந்தைக்குத்தான் முதல் இடம். விழித்திருக்கும் குழந்தை வரிசையில் எங்கே இருந்தாலும் கடைசிதான்.

டெஸ்ட் எடுக்கும் பெண்ணின் பெயர் ஃபிஜா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் சாம்பல் நிற ஸ்கார்ஃப், அதன்மேல் வெள்ளைக் கோட்டு. நீலாவதியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "புதூர்நாடு தானே? போன வாட்டி மழையில வர முடியலன்னு உங்க நர்ஸு போன் பண்ணாங்க. நாஷ்டா பண்ணீங்களாம்மா? மொதல்ல சாப்பிடுங்க. நீங்க பதட்டமா இருந்தா கொழந்த தூங்காது."

களியைப் பிட்டு இரண்டு வாய் போட்டுக்கொண்டு, நீலாவதி சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். காலையிலிருந்து விழித்திருந்த கவியா குடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிவிட்டாள். கை மார்பிலிருந்து நழுவித் தொங்கியது. நீலாவதி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

உள்ளே ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தைபோலத் துணி வைத்துத் தைத்திருந்தது. கதவைச் சாத்தியதும் வராந்தாவின் இரைச்சல் ஒரேயடியாக நின்றது. ஃபிஜா குழந்தையின் நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் பஞ்சால் தேய்த்து, மூன்று ஒட்டுகளை ஒட்டினாள். காதில் சிறிய குமிழைச் சொருகினாள். கம்ப்யூட்டரில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. நீலாவதி குழந்தையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தொடை மரத்துப்போயிற்று. மூக்கு அரித்தது. கையைத் தூக்கவில்லை. மாதம்மாள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்க்காமல் ஃபிஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காது முடிந்தது. மெதுவாகக் குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்து மறு காது. ஃபிஜா ஏதோ ஒரு பட்டனை அழுத்தி அழுத்திச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள். கோடு எழும்பாமல் நேர்கோடாகவே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கவியா சிணுங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஃபிஜா நாற்காலியை இழுத்து நீலாவதிக்கு நேர் எதிராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொழந்த நல்லாத் தூங்குச்சி. அதனால டெஸ்ட்டு சரியா வந்திருக்கு. ரெண்டு காதுலயும் கேக்கறது ரொம்பக் கம்மியா இருக்கும்மா. பட்டாசு மாதிரி பெரிய சத்தம் ஒருவேள காதுக்குள்ள கொஞ்சம் போவலாம். நம்ம பேசறது போவாது."

நீலாவதி தலையை ஆட்டினாள். குழந்தையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்த பசையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல. சீக்கிரமா வந்திருக்கீங்க. சில பேரு நாலு வயசு, அஞ்சு வயசுல, பேச்சு வரலன்னு தூக்கினு வருவாங்க. அதுக்குள்ள மூளை கத்துக்கற காலம் பெரும்பாதி போயிடும். உங்களுக்கு இன்னும் எல்லா நேரமும் இருக்கு. இன்னொரு டெஸ்ட்டு எடுத்துட்டு மிஷின் மாட்டிடலாம், அது கவர்மெண்டே குடுக்கும். அப்பறம் வாரா வாரம் பயிற்சிக்கு வரணும். மிஷின்ல பத்தலன்னா ஒரு வயசுக்கு மேல ஆப்ரேஷன் பத்தி டாக்டர் சொல்லுவாங்க."

"வாரா வாரமா?"

"மொதல்ல கொஞ்ச மாசத்துக்கு வாரா வாரம்."

"பேசுவாளா?"

"பேசறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா நிச்சயமா சொல்லி உங்கள ஏமாத்தமாட்டேன். வூட்ல நீங்க எவ்ளோ செய்றீங்களோ அதப் பொறுத்துதான்." ஃபிஜா மேசையிலிருந்த படிவத்தை எடுத்தாள். "சில விவரம் கேக்கணும். சொந்தத்துல கல்யாணமா?"

"மாமன் பையன்."

"வூட்ல வேற யாருக்காவது பொறவியிலயே காது கேக்காம இருக்கா? உங்க பக்கம், அவுரு பக்கம்?"

நீலாவதி வாயைத் திறந்தாள்.

"இல்ல" என்றாள் மாதம்மாள், தரையில் உட்கார்ந்தபடி. குரல் தெளிவாக இருந்தது. "எங்க பக்கம் அப்பிடி யாரும் இல்ல."

ஃபிஜா எழுதிக்கொண்டாள். நீலாவதி திரும்பி மாதம்மாளைப் பார்த்தாள். மாதம்மாள் பையை எடுத்துத் தூக்குச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அதை மறுத்துப் பேச நீலாவதிக்குத் தெம்பு இல்லை. பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. சீட்டை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பும் வழியில் கவியா தூங்கினாள். இனி யார் வேண்டுமானாலும் தூங்கலாம். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. இளவழகன் மூன்று முறை கூப்பிட்டிருந்தான். நீலாவதி போனை எடுத்தாள்.

"இன்னா சொன்னாங்க நீலா?"

"ரெண்டு காதும் கேக்காதாம்."

அந்தப் பக்கம் யாரோ கன்னடத்தில் கத்துவதும், மூட்டை விழுவதும் கேட்டது. "எங்க அக்கா பொண்ணு மாதிரியா?" என்றான்.

"உம்."

"அக்கா பக்கத்துல இருக்குதா?"

"கீறாங்க."

"அதுகிட்ட ஒண்ணும் கேக்காத நீலா. அதுவே பட்டது போதும்." பிறகு குரல் உடைந்தது. "நான் தீவாளிக்கு வந்துடறேன். அதுக்கு முன்ன வுடமாட்டாங்க."

போனை வைத்ததும் நீலாவதி கேட்கத்தான் செய்தாள்.

"ஏன் அண்ணி இல்லன்னு சொன்னீங்க?"

மாதம்மாள் எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் படிப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"உங்களத்தான் கேக்கறேன். சின்னக்குழந்த உங்க பொண்ணு இல்லியா? வூட்ல ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி கீறா. யாரும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டோம். அத வெச்சித்தான அவங்க இன்னா ஏதுன்னு பாப்பாங்க?"

"சொன்னா இன்னா கேப்பா அந்தப் பொண்ணு? எத்தன வயசுல காட்டினீங்கன்னு கேப்பா. கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நெசத்தச் சொல்றது."

"நெசமா?" மாதம்மாள் இப்போதுதான் திரும்பினாள். கண் காய்ந்துதான் இருந்தது. "அவளுக்கு ஆறு மாசம் ஆவறப்பவே எனக்குத் தெரியும் நீலா. மண்கொடம் ஒண்ணு அவ தலமாட்ல வுழுந்து ஒடஞ்சிது. வூடே அதிர்ற சத்தம். அவ பாட்டுக்குக் கால ஆட்டினு கெடந்தா. யார்கிட்டயும் சொல்லல. அவ அப்பன் அப்பவே பொட்டப்புள்ளன்னு மூஞ்சத் தூக்கினு இருந்தான். ஊமைன்னு தெரிஞ்சா வெளிய தள்ளிடுவான்னு பயம். யாராச்சும் கேட்டா மூஞ்சிக்கு நேரா கையத் தட்டுவேன். தட்ற காத்து மேல பட்டுக் கண்ணு சிமிட்டும். பாரு, கேக்குதுன்னு சொல்லிடுவேன். பின்னால நின்னு யாராச்சும் கூப்புட்டா தரையக் காலால ஒதைப்பேன். அந்த அதிர்வுல திரும்பும். நாலு வருசம். நாலு வருசம் ஊரையே ஏமாத்தினேன். கடைசியில அவனும் தள்ளித்தான் வுட்டான்."

நீலாவதி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "கவியாவுக்கும் அப்பிடித்தான் தட்னீங்களா? சிஸ்டரு வந்தப்போ?"

மாதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரிஞ்சேவா தட்னீங்க?"

"தெரிஞ்சும் தெரியாமலும். இவளுக்கும் அப்பிடி இருக்கக்கூடாதுன்னு தட்டினேன். கண்ணு சிமிட்டுச்சில்ல, அத நானே நம்பிக்கினேன்."

நீலாவதி கையை ஓங்கி அடித்துவிடலாம் என்று நினைத்தாள். உடம்பில் அதற்கான பலம் இல்லை. மூன்று வாரம். மூன்று வாரத்தில் என்ன போயிருக்கும் என்று அவளால் கணக்குப் பார்க்க முடியவில்லை. பஸ் வந்தது. இருவரும் முன்னும் பின்னுமாக வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். பாதி மலை ஏறியதும் நீலாவதிக்குத் தோள் வலித்தது. பின்னால் திரும்பாமலே குழந்தையைத் தூக்கி நீட்டினாள். மாதம்மாள் வாங்கிக்கொண்டாள்.

வீடு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. கொல்லையில் சாமை முக்கால்வாசி அறுத்துக் கட்டுக் கட்டாக அடுக்கி, தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கல் வைத்திருந்தது. சின்னக்குழந்தை முழங்கைவரை சாமைத்தாளின் சுணை கீறிய சிவப்போடு வாசலுக்கு வந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள். நெற்றியில் பசை ஒட்டியிருந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. நீலாவதியைப் பார்த்துத் தன் காதைத் தொட்டு உள்ளங்கையை விரித்தாள். என்ன ஆயிற்று?

அந்த வீட்டில் காது கேட்காததற்கென்று தனியாக ஒரு சைகை கிடையாது. அதைச் சொல்ல வேண்டியபோதெல்லாம் எல்லோரும் சின்னக்குழந்தையைத்தான் காட்டுவார்கள். நீலாவதி வேறு வழி தெரியாமல் குழந்தையைக் காட்டினாள். பிறகு அவளைக் காட்டினாள்.

சின்னக்குழந்தைக்குப் புரிய ஒரு கணம்தான் ஆயிற்று. குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுவாள் என்று நீலாவதி நினைத்தாள். அவள் அழவில்லை. மாதம்மாளிடம் போய் எதிரில் நின்றாள். குழந்தையின் நெற்றி வட்டத்தைக் காட்டினாள். மலைக்குக் கீழே கையை நீட்டினாள். தன் நெற்றியைத் தொட்டாள். விரலை அம்மாவின் பக்கம் திருப்பினாள். என்னைக் கூட்டிப் போனாயா?

புரியாததுபோல உள்ளே போய்விடுவது மாதம்மாளுக்குப் பழக்கம்தான். இப்போது வாசல்படியில் வழியை மறித்து அவள் மகள் நின்றிருந்தாள். மாதம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

சின்னக்குழந்தை ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறுகையை இடுப்பளவுக்கு வைத்துக் காட்டினாள். இவ்வளவு உயரம் இருந்தபோது? மாதம்மாள் தலையை ஆட்டினாள். கை முழங்காலுக்கு இறங்கியது. அப்போது? இல்லை. சின்னக்குழந்தை கையை எடுத்துக் கவியாவின்மேல் வைத்தாள். இதைப்போல இருந்தபோது?

"இல்லம்மா" என்றாள் மாதம்மாள், வாய்விட்டு. "கூட்டினு போவல. நான்தான் கூட்டினு போவல."

சின்னக்குழந்தை அந்த உதடுகளையே பார்த்தாள். பிறகு குழந்தையை நீலாவதியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் மூன்று தட்டில் களி வைத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குப் பக்கத்தில், தூறலில் போய் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். மாதம்மாள் தட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலை தூறல் விட்டிருந்தது. மூன்று பேரும் மிச்சமிருந்த சாமையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கவியா வேப்பமரத்துத் தூளியில் கிடந்தாள். ஒன்பது மணி வாக்கில் ராஜேஸ்வரியின் போன் வந்தது. நீலாவதி இரைந்து கேட்கும்படி போனை வரப்பில் வைத்துவிட்டு, தாளைக் கட்டியபடியே பேசினாள்.

"ஃபிஜா மேடம் எல்லாம் சொன்னாங்க நீலா. மனச வுட்டுடாத. அடுத்த வியாழக்கெழம அந்த இன்னொரு டெஸ்ட்டு. ஜீப்புக்காரன்கிட்ட நானே எடம் சொல்லி வெச்சிடறேன். ரெண்டு பேருன்னு சொல்லட்டுமா? உங்க அண்ணி வர்றாங்கல்ல?"

நீலாவதி கையிலிருந்த கட்டை இறுக்கினாள். அண்ணியை இன்னொரு தடவை பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் போக முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தனியாகவும் முடியாது.

மாதம்மாள் அரிவாளோடு வந்து வரப்பில் குந்தி, போனுக்கு வெகு பக்கத்தில் வாயை வைத்தாள்.

"சிஸ்டரு, நான் மாதம்மா பேசறேன். கொழந்தையச் சேத்து நாலு பேருன்னு சொல்லு. எம் பொண்ணும் வருது."

"சின்னக்குழந்தயா? அதுக்கு இன்னாக்கா?"

"அதுக்கும் காது பாக்கணும். பத்தொம்பது வயசாவுது, ஒண்ணும் பெருசா ஆவாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் பாக்கணும். அப்பறம், அங்க ஒரு ஃபாரத்துல எங்க வூட்ல யாருக்கும் இல்லன்னு நான் பொய் சொல்லி எழுத வெச்சிட்டேன். அதத் திருத்தணும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. நேர்ல வந்து நானும் சொல்றேன்."

"சரிக்கா, சொல்லிடறேன்" என்றாள் ராஜேஸ்வரி.

தாள் அறுபடும் சத்தம் நின்றதை நீலாவதி கவனித்தாள். சின்னக்குழந்தை நிமிர்ந்து நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம்மாள் அவள் பக்கம் திரும்பி, நாலு விரலை உயர்த்தி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கவியா, நீலாவதி, தான். நாலாவது விரலை மகளை நோக்கி நீட்டினாள். கையை மலைக்குக் கீழே காட்டினாள்.

சின்னக்குழந்தை அதை நம்பவில்லை. நீலாவதியைப் பார்த்தாள். நிஜமா? நீலாவதி ஆமாம் என்று தலையசைத்தாள்.

சின்னக்குழந்தையின் முகத்தில் சந்தோஷம் என்று எதுவும் தெரியவில்லை. பிறகு வானத்தைப் பார்த்தாள். கட்டி வைத்த சாமைக் கட்டுகளைக் காட்டி, இரண்டு கைகளாலும் கதிர் அடிப்பதுபோலச் சைகை செய்து, முகத்தைச் சுருக்கினாள். எல்லோரும் போய்விட்டால் இதை யார் அடிப்பது?

"வியாழக்கெழமைக்குள்ள அடிச்சிடலாம்" என்று நீலாவதி சொன்னாள். சொல்லிவிட்டு, அது போதாதென்று நினைவுக்கு வந்து, அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கைகளால் மறுபடியும் சொன்னாள். சரியாக வரவில்லை. சின்னக்குழந்தை வரப்பைத் தாண்டி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைத் திருத்தி வைத்தாள்.